கொட்டின முடியில் நெய்த சவரி

இன்று காலை சவரியைக் கழுவிக் காயவைத்து, தம்பியின் சின்ன டிஜிட்டல் தராசில் போட்டுப் பார்த்தேன். 78 கிராம். போன வருஷம் ஒக்டோபரில் கிளிப், துணிநாடா எல்லாம் தைத்து முடித்த அன்று 82 கிராம். நடுவில் பத்து மாதம், கிழமைக்கு ஐந்து நாள், ஒரு மாரி, ஒரு கச்சான் காற்றுக் காலம். போனது 4 கிராம்தான். சரி, இனி எழுதலாம் என்று தோன்றியது. முதல் இரண்டு தடவையும் நான் செய்தது குப்பைக்குப் போனதால், இடையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

2024 ஜனவரியில் டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டு, வேலைக்கும் போகத் தொடங்கி, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது மார்ச் கடைசியில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பு வைத்தால் சீப்பு நிறைய, தலையணையில், சோற்றுக் கோப்பையில்கூட. டொக்டர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவதுதான், வேர் சாகவில்லை, தானாக நிற்கும், திரும்பவும் முளைக்கும் என்றார். ஆனால் முடி வளர்வது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். என் முடி முதுகில் பாதிக்கு மேல், 18 இஞ்சி. பழைய அடர்த்தி நுனிவரை வர நாலு வருஷம் ஆகும் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். ஒரு சனிக்கிழமை கொட்டினதை எண்ணினேன்: 212. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் கொட்டும்.

எங்கள் வீட்டில் கொட்டின முடியை வெளியே வீசக்கூடாது, யாராவது எடுத்துச் சூனியம் செய்துவிடுவார்களாம். மட்டக்களப்பார் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்வார்களே, அந்தப் பேருக்கு நாங்களே பயந்தவர்கள். அம்மம்மா காலத்தில் சுருட்டித் துப்பி கிடுகுக் கூரையில் செருகுவார்களாம். அம்மா ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு வைத்தார், தன் கலியாணத்துக்குச் சவரி கட்டின பழக்கத்தில். நானும் கொட்டினதை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சேர்த்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வீச மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், கடையில் வாங்கினேன். டவுனில் ஒரு கடையில் கிளிப் வைத்த செட், 18 இஞ்சி, 3,200 ரூபா. பெட்டியில் நூறு வீதம் மனித முடி என்று அச்சடித்திருந்தது. என் முடி கொஞ்சம் சுருள், அது நல்ல நேர். என் முடியை நேராக்குவதை விட அதைச் சுருட்டுவது லேசு என்று ஸ்ட்ரைட்னரை 180க்குச் சூடாக்கி ஒரு கொத்தைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் முடி நூடில்ஸ் போல் சுருங்கி, சூட்டுத் தட்டில் ஒட்டிக்கொண்டது. அறை முழுக்க பொலித்தீன் எரிந்த மணம். அதற்குப் பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன்: நாலைந்து இழையை எடுத்து விளக்கில் காட்டினேன். உருகி நுனியில் கறுப்பு மணி மாதிரி உருண்டு கெட்டியானது. என் தலையில் இருந்து ஒன்றைக் காட்டினால் பொசுங்கி, முடி கருகின மணம் வந்து, விரலால் தேய்த்தால் தூளாகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்கள். வாங்கும்போதே ஓர் இழையைக் கேட்டு வாங்கி லைட்டரில் காட்டச் சொல்லியிருக்கலாம். கூச்சம்தான் 3,200 ரூபா.

உண்மையான முடியில் 16 இஞ்சி, 100 கிராம் செட் ஒன்றுக்கு ஒரு சலூனில் 28,000 சொன்னார்கள். அன்றிரவு அந்தப் பொலித்தீன் பையைத் தராசில் வைத்தேன். 45 கிராம். அம்மாவின் பேணி, இருபது வருஷத்துச் சேமிப்பு, 73 கிராம். மொத்தம் 118. எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. வீட்டிலேயே 28,000 ரூபாச் சாமான் இருக்கிறது என்று நினைத்தேன்.

பையில் இருந்தது முடியில்லை, முடிப்பந்து. அதைப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. முதலில் எல்லாவற்றையும் ஷாம்பு போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். (அம்மாவின் பேணியில் ஈர் இருந்தது. எந்த வருஷத்து ஈரோ. இரண்டு தடவை சுடுதண்ணீர்.) காய்ந்த பிறகு அம்மாவும் நானும் டிவிக்கு முன்னால் இருந்து, மடியில் வெள்ளைத் துவாயை விரித்து, கோணி ஊசியால் ஒவ்வொரு பந்தாகக் குத்திக் குத்திப் பிரித்தோம். ஆறு கிழமை. பந்தை இழுக்கக்கூடாது, இழுத்தால் இறுகும். வெளிப்பக்கத்தில் இருந்து தட்டித் தட்டித் தளர்த்த வேண்டும். இதை அம்மாதான் கண்டுபிடித்தார். நான் முதல் இரண்டு நாளும் இழுத்து நிறைய அறுத்துவிட்டேன்.

அடுத்தது சிலுப்புகிற பலகை, குட்டை முடியைக் கழிக்க. எட்டு இஞ்சிக்கு நாலு இஞ்சி பலகைத் துண்டு, இரண்டு இஞ்சி ஆணி, மூன்று வரிசை, ஆணிக்கு ஆணி 5 மில்லிமீட்டர். பக்கத்து வீட்டுத் தச்சுவேலைக்கார மாமாவிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். ஆணி முனையை அரத்தால் கூராக்கித் தந்தார், “கை கவனம் புள்ள” என்று சொல்லியும் தந்தார். மூன்றாம் நாள் உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடப் போனேன். ஊசி போட்ட நர்ஸ் எப்படிக் குத்தியது என்று கேட்டதற்கு, முடி சீவும்போது என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பலகையை மேசை விளிம்பில் இரண்டு கிளாம்பால் இறுக்கிவிட்டு வேலை செய்தால் இந்தப் பிரச்சினை இல்லை. கையில் பிடித்துக்கொண்டு செய்ததுதான் பிழை.

கொத்தின் ஒரு நுனியைப் பிடித்து மறு நுனியை ஆணிகளுக்கு மேல் அடித்து இழுத்தால், எட்டு இஞ்சிக்குக் குறைந்ததெல்லாம் ஆணியிலேயே தங்கிவிடும். நீளமானது கையில் மிஞ்சும். 118 கிராம் 79 ஆனது. இதில் ஒரு நன்மையும் கிடைத்தது. அம்மாவின் பழைய முடி பேணியில் இருந்து இருந்து மண்ணிறம் அடித்திருந்தது, என்னுடையது கறுப்பு. இரண்டையும் சேர்த்துப் பலகையில் இழுத்ததில் நன்றாகக் கலந்து, தலையில் இருக்கிற முடியின் நிறம் போலவே வந்தது. சாயம் போடவே இல்லை.

அப்புறம் அவசரப்பட்டேன். 12 கிராம் எடுத்து, நாடாவில் வைத்துத் தையல் மெஷினில் மூன்று ஓட்டு ஓட்டி, கிளிப் தைத்து, ஜூலையில் ஒரு நாள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கண்ணாடியில் வடிவாகத்தான் இருந்தது. கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டி ஏறும்போது கச்சான் வாவிப் பக்கமாக அடித்தது. ஒபீசில் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் பிடரியில் ஒரு குருவிக்கூடு. பகல் முழுக்கக் கைவிட்டுக் கைவிட்டுப் பிரித்தேன், பிரித்த இடமே மறுபடி சிக்கியது. பின்னேரம் கழற்றும்போது கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

ஏன் என்று தெரிய இரண்டு நாள் பிடித்தது. முடியின் மேலே மீன் செதில் மாதிரிச் செதில் இருக்கிறது, வேரில் இருந்து நுனியைப் பார்த்தபடி. ஒரு முடியை எடுத்து பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். நீங்கள் எப்படித் தேய்த்தாலும் அது ஒரே பக்கமாக ஊர்ந்து போகும், வேர்ப்பக்கமாக. கொட்டின முடி என்றால் அந்தப் பக்கத்து நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் ஒன்றும் தெரியும். தலையில் எல்லா முடியும் ஒரே திசையில் நிற்பதால் செதில் ஒன்றுக்கொன்று கொளுவுவதில்லை. என் பையில் இருந்ததில் பாதி தலைகீழ். திருப்பதி திருமலைத் தேவஸ்தானத்தில் காணிக்கை கொடுத்த முடி ஏலத்தில் அவ்வளவு விலை போவதற்கு இதுவும் ஒரு காரணம். தலையில் இருந்து நேரே எடுப்பது, வேரெல்லாம் ஒரு பக்கம். சீப்பில் சிக்கினது அப்படியில்லை.

அப்படியென்றால் மிஞ்சின 67 கிராமையும் திசை பிரிக்க வேண்டும். ஒரு முடி இரண்டு மில்லிகிராம் என்றால் 67 கிராமில் முப்பதாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றாகக் குமிழ் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினேன். முதல் நாள் இரவு ஒரு மணித்தியாலத்தில் 400 பிரித்தேன், கண் பூத்துப்போனது. அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “என்னகா புள்ள, செத்த மயிர எண்ணிக்கொண்டு உயிரோட இருக்கிற கண்ணக் கெடுக்கிறாய்.”

விடை என் விரலிலேயே இருந்தது. ஒரு முடி தேய்த்தால் வேர்ப்பக்கம் ஊரும் என்றால், ஒரு கொத்தைத் தேய்த்தால் எல்லாம் தன் தன் வேர்ப்பக்கம் ஊர வேண்டும்தானே. பென்சில் தடிப்பில் ஒரு கொத்தை எடுத்து, நுனிகளைத் தட்டிச் சமப்படுத்தி, ஈரத் துவாயில் நீட்டிவைத்து, மேலே இன்னொரு ஈரத் துணியைப் போட்டு, சப்பாத்தி உருட்டுவது போல இல்லாமல் நீளவாக்கில் உள்ளங்கையால் தேய்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத் துணியைத் தூக்கினால் கொத்தின் இரண்டு பக்கமும் தாடி முளைத்த மாதிரி முடி நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒன்றரை இஞ்சிக்கு. இந்தப் பக்கம் நீட்டினதை எல்லாம் பிடித்து உருவினேன். குமிழ் பார்த்தேன். வேர்தான். அந்தப் பக்கம் உருவினேன். அதுவும் வேர்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று ஒன்றாகப் பார்த்துவிட்டு, துணியை வாங்கி அடுத்த கொத்தைத் தானே தேய்க்கத் தொடங்கினார்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சிக்காமல் இருக்கட்டும் என்று இரண்டாம் நாள் கண்டிஷனர் பூசித் தேய்த்தேன், ஒன்றுமே நகரவில்லை. அம்மா செவ்வரத்தம் இலை கசக்கின சாற்றைக் கொண்டுவந்தார், அதுவும் அப்படித்தான். செதில் வழுக்கினால் ஊராது. துணி துவைக்கிற சவர்க்காரக் கட்டியைக் கரைத்த தண்ணீர்தான் சரி. அது முடியைச் சொரசொரப்பாக்கும், இங்கே வேண்டியதும் அதுதான். பிரித்து முடிந்த பிறகு ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அலசினால் மறுபடி மிருதுவாகிவிடும். ஒன்பது இரவு. எல்லாம் ஒரே திசையில் அடுக்கி, வேர்ப்பக்கம் ரப்பர் பாண்ட் போட்டு, 23 கட்டு.

இந்தத் தடவை மெஷின் தையல் வேண்டாம், கையால் நெய்வது என்று முடிவு. மூன்று நூலை இழுத்துக் கட்டி, அதில் முடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் பின்ன வேண்டும். பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து இரண்டு காலுக்கு நடுவில் கட்டினேன். நூல் இறுக இறுகக் கால் உள்ளே வளைந்தது, நூல் தொய்ந்தது. பிறகு இரண்டு அடிப் பலகையில் விளக்குமாற்றுத் தடி இரண்டைத் திருகாணி போட்டு நிறுத்தினோம். இடது தடியில் நெய்ததைச் சுருட்டிக்கொண்டே போகலாம்.

நூல் விஷயத்தில் மூன்று நூல் பார்த்தேன். தையல் நூல் இழுபடுகிறது. கல்லடியில் வலைச் சாமான் விற்கிற கடையில் வாங்கின நைலோன் நூல் இரும்பு மாதிரி, ஆனால் வழுக்கும், பின்னின முடி பக்கவாட்டில் ஓடிவிடும். ஒபீசில் என்னோடு வேலை செய்கிற ராத்தாவின் உம்மா வீடு மருதமுனை. கைத்தறிக் குடும்பம். கதையோடு கதையாகச் சொன்னதற்கு அடுத்த திங்கள் ஒரு கண்டு பருத்தி நூல் கொண்டுவந்து தந்தார். அதை மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்தேன். அதுதான் நின்றது. இறுகினால் இறுகினபடி இருக்கும், முடியையும் பிடித்துக்கொள்ளும்.

நெய்வது இப்படி: 25, 30 முடியை எடுத்து, வேர்ப்பக்கம் ஒரு இஞ்சி மேலே நிற்கும்படி பிடிக்க வேண்டும். மேல் நூலுக்கு முன்னால், நடு நூலுக்குப் பின்னால், அடி நூலுக்கு முன்னால் இறக்கி, அடி நூலைச் சுற்றி அதே மாதிரி மாறி மாறி மேலே ஏற்றி, மேல் நூலைச் சுற்றித் திரும்ப இறக்கிவிட வேண்டும். நீள முடி கீழே தொங்கும். நகத்தால் இடது பக்கம் தள்ளி இறுக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை இஞ்சி. கை பழகிய பிறகு நாலு இஞ்சி. இஞ்சிக்கு 12 சிட்டிகை. எல்லாம் சேர்த்து 92 இஞ்சி நெய்தேன், 64 கிராம். மிச்சம் 3 கிராம் ஒரு கட்டு.

ஒற்றைப் படையில் அது ஐதாகத் தெரியும். மூன்றாக மடித்து, வளைந்த ஊசியால் சேர்த்துத் தைத்தேன். மடிப்புக்குக் கொஞ்சம் போக, கடைசியில் ஐந்து துண்டு: 8 இஞ்சி, 7 இஞ்சி, 6 இஞ்சி, காதோரத்துக்கு 4 இஞ்சியில் இரண்டு. நீளம் 16 இஞ்சி. காத்தான்குடியில் தெரிந்த ஒரு தையல்காரி விளிம்பை ஒரு ஓட்டு ஓட்டித் தந்தார், 400 ரூபா. மெஷின் ஊசி என் பின்னலை அறுத்துவிடுமோ என்று நெஞ்சு அடித்தது. அறுக்கவில்லை.

கிளிப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முதலில் 600 ரூபாவுக்கு 20 கிளிப் வாங்கினேன், கறுப்பு மை பூசினது. நாங்கள் இருப்பது கடலுக்கு 400 மீட்டரில். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து ஐந்தாம் கிழமையே மை உரிந்து துருப்பிடித்து, நாடாவில் மண்ணிறக் கறை. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப், பல்லுக்கு நடுவில் ரப்பர் ஓடினது, 20 கிளிப் 1,450 ரூபாவுக்குக் கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். பன்னிரண்டு தைத்தேன்: 8க்கும் 7க்கும் மும்மூன்று, மற்றதற்கு இரண்டு இரண்டு. கிளிப்பை விளிம்புக்கு ஒட்டித் தைக்கக்கூடாது. கால் இஞ்சி உள்ளே தள்ளினால்தான் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்காது.

இனி போடுகிற கதை. முதல் கிழமை பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் தலை விண் விண் என்று வலிக்கும். காரணம் நான் எங்கே முடி குறைவோ அங்கே கொளுவினேன், உச்சிக்குக் கிட்ட. அங்கேதான் என் சொந்த முடி பாவம், ஆறு சென்டிமீட்டர் குஞ்சு முடி. அதில் பாரத்தைத் தொங்கவிட்டால் வருகிற முடியும் போகும். தொடர்ந்து இழுபட்டால் வேரே பழுதாகும், டெங்குவில் கொட்டினது திரும்பி வந்தாலும் இழுபட்டுப் போனது வராமல் போகலாம். இப்போது 8 இஞ்சித் துண்டு பிடரிக் கோட்டுக்கு ஒன்றரை இஞ்சி மேலே. 7 இஞ்சி அதற்கு மேல் இரண்டு விரல். 6 இஞ்சி காது நுனி மட்டத்தில், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கொளுவுகிற இடத்தில் அடியில் மெல்லிசாக ஒரு பின்னல் போட்டு, கிளிப்பை அந்தப் பின்னலில் கடிக்க வைக்கிறேன். பாரம் பத்து முடியில் நிற்காமல் நூறு முடியில் நிற்கும்.

தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் கிளிப் நிற்காது. சின்ன வயதில் இருந்து காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிப் பழகினவளுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது எண்ணெய் வெள்ளி இரவு, முழுக்கு ஞாயிறு. ஞாயிறு சவரி இல்லை, சனியும் இல்லை. படுக்கும்போது எப்போதும் இல்லை.

விரித்துவிடுகிற ஆசையைக் கச்சானுக்கு முன்னால் கைவிட்டேன். சேலைக் கழுத்தில் உரசி, தோளில் குத்தின பின்னில் மாட்டி, பாலத்துக் காற்றில் அடித்து, எவ்வளவு திசை பிரித்தாலும் 16 இஞ்சி முடி விரித்தால் சிக்கும். வேலை நாளில் ஒற்றைப் பின்னல்தான். பின்னும்போது மூன்று கொத்திலும் சவரி சமமாகப் போக வேண்டும். முதலில் நான் சவரியை எல்லாம் நடுக்கொத்தில் விட்டேன், பாதியில் என் முடி முடிந்து, மெல்லிசான இரண்டும் மொத்தமான ஒன்றுமாகப் பின்னல் கோணிப்போனது. 8 இஞ்சித் துண்டை இடம், நடு, வலம் என்று விரலால் மூன்றாகப் பிரித்துக்கொண்டு தொடங்கினால் நுனிவரை ஒரே தடிப்பு. மாலையில் நேரம் இருந்தால் தாழ்ந்த கொண்டை, அதற்கு 8ம் 7ம் போதும்.

ஹெல்மெட்டின் பின்விளிம்பு நேரே 7 இஞ்சித் துண்டின் நடுக் கிளிப்பில் வந்து அமர்ந்தது. ஒரு மாதம் அந்த இடத்தில் ஊமைக் காயம் மாதிரி வலி, நான் ஹெல்மெட் சின்னதாகிவிட்டது என்று நினைத்தேன். வரிசையை அரை இஞ்சி இறக்கினதும் போனது.

சொறிச்சல்தான் கடைசியாகத் தீர்ந்தது. நெய்யும்போது மேலே நிற்கிற அந்த ஒரு இஞ்சி வேர்முனையை மடக்கி அரை இஞ்சிக்கு வெட்டியிருந்தேன். அது ஆண்களின் சவரம் பண்ணின தாடி மாதிரி பிடரியில் குத்தும். இன்னும் ஒட்ட வெட்டினால் பின்னல் கழன்று முடி உதிரும், ஒரு துண்டில் வெட்டிப் பார்த்தேன், போன 4 கிராமில் பாதி அந்தத் துண்டில்தான். பழைய பருத்தி உட்பாவாடையில் இருந்து முக்கால் இஞ்சி அகலத்துக்கு நாடா வெட்டி, உட்பக்கம் மூடித் தைத்தேன். சரியாகிவிட்டது. கடையில் 90 ரூபாவுக்கு வாங்கின பளபளப்பு நாடா வியர்வை குடிக்காது, அதற்குப் பழைய பாவாடைதான்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போனபோது ஒரு கூத்து நடந்தது. தீர்த்தம் ஆடுவேன் என்று நினைக்காமல் சவரியோடு போயிருந்தேன், பெரியம்மா கையைப் பிடித்துக் குளத்தில் இறக்கிவிட்டார். முங்கி எழும்பினால் ஈரத்தில் சவரி கல்லு மாதிரிப் பாரம், இடது காதோரத் துண்டு ஒரு கிளிப்பில் ஊஞ்சல் ஆடுகிறது. பெரியம்மா பார்த்துவிட்டு, “அடி புள்ள, தலையில அட்டை ஏதும் ஒட்டியிருக்கா?” என்று உரக்கக் கேட்டார். சுற்றி நின்ற அவ்வளவு பேரும் திரும்பினார்கள்.

மூன்று கிழமைக்கு ஒரு தரம் கழுவுகிறேன். கிணற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் கொஞ்சம் உவர், அதில் இரண்டு தரம் கழுவி முடி தும்பு மாதிரி ஆனது. அதனால் சவரிக்கு மட்டும் குழாய்த் தண்ணீர், உன்னிச்சைக் குளத்தில் இருந்து வருகிறது. முதலில் காய்ந்தபடியே நுனியில் இருந்து மேலே சீவ வேண்டும். பேசினில் ஷாம்பு கலந்த தண்ணீரில் மேலும் கீழும் ஆட்டுவதோடு சரி, கசக்கக்கூடாது. கண்டிஷனர் நடுவில் இருந்து நுனிக்கு மட்டும், பின்னலில் பட்டால் இளகும். துவாயில் வைத்து ஒற்றி, நிழலில் பாவாடைக் கிளிப்பில் தொங்கவிட்டால் பகல் முழுக்க எடுக்கும். மாரியில் இரண்டு நாள். மழைக்காலத்தில் ஒரு தடவை ஈரத்தோடு பெட்டியில் வைத்து நாடாவில் பூஞ்சணம் கண்டது. ஐந்து நாடாவையும் மாற்றினேன்.

செலவு: ஆணி 120, தடியும் திருகாணியும் 300, வளைந்த ஊசி 150, நாடா 90, தையல் கூலி 400, துருப்பிடித்த கிளிப் 600, நல்ல கிளிப் 1,450. எல்லாமாக 3,110 ரூபா. உருகின செட்டையும் சேர்த்தால் 6,310. நேரத்தைக் கணக்கில் எடுத்தால் 28,000 கொடுத்து வாங்குவதுதான் மலிவு, அம்மாவின் நேரத்தையும் சேர்த்தால் இன்னும். ஆனால் ராத்தா ஒரு நாள் என் பின்னலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன எண்ணெய் புள்ள வைக்கிற?” என்று கேட்டார். நூல் தந்தவரே கேட்டார். அதற்கு என்ன விலை போடுவது என்று தெரியவில்லை.

இன்னொரு தடவை செய்தால் 8 இஞ்சித் துண்டை மூன்று படைக்குப் பதில் இரண்டு படையாக வைப்பேன், பிடரியில் அவ்வளவு மொத்தம் தேவையில்லை. மெழுகை இன்னும் ஒரு தரம் இழுப்பேன். எல்லாவற்றுக்கும் முதல், முடியைப் பந்தாகச் சேர்க்கவே மாட்டேன். இப்போது சீப்பில் வருகிறதை உடனே குமிழ் பார்த்து, வேர்ப்பக்கம் ஒன்றாக வைத்து, பழைய கொப்பி ஒன்றின் தாளுக்கு நடுவில் நீட்டி வைக்கிறேன், ஒரு நாளுக்கு ஒரு தாள். மூலையில் எண்ணிக்கை எழுதுகிறேன். நேற்றுத் தாளில் 41. இந்தக் கணக்கில் போனால் அடுத்த சவரிக்கு முடி சேர வருஷக்கணக்காகும் என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். அவர் கொப்பியை வாங்கி, தன்னுடைய நரை நாலைந்தை அதே தாளில், வேரை வேரோடு சேர்த்து வைத்தார்.